ராஜா தூங்கிய கட்டில்

ராஜா தூங்கிய கட்டிலின் விலை ஓர் இரவுக்கு நூற்றெண்பது யூரோ. காலையில் ரொட்டி, வெண்ணெய், வால்நட் ஜாம் சேர்த்தி. அந்தக் கட்டிலுக்கு விலையே கிடையாது என்று ஒர்தான்ஸ் தெல்மாஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொன்ன வாய் மூடுவதற்குள் நூற்றெண்பதை எண்ணி வாங்கிக்கொள்வாள். விலையில்லாத பொருளுக்குக் கூசாமல் விலை சொல்லத் தெரிந்தவர்கள்தான் பிரான்ஸின் ரோக்வாலியேர் என்ற சின்ன ஊரில் விடுதி நடத்த முடியும்.

அந்தக் கட்டிலில் இப்போது இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒரு ஹாலந்துக்காரர் குறுக்குவாட்டில் கிடந்தார். பத்து மணிக்கே அறையைக் காலி செய்திருக்க வேண்டியவர்.

"முசியே ஷூர்த், மணி பத்தரை ஆச்சு. எழுந்திருங்க."

"நான் எழுந்திருச்சு ரொம்ப நேரமாச்சு மதாம். முதுகுதான் இன்னும் எழுந்திருக்கல."

"நேத்து மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறினீங்களே!"

"நேத்து நான் ஹாலந்துக்காரன் மாதிரி நடந்தேன். ராத்திரி உங்க ராஜா மாதிரி படுத்தேன்."

குற்றம் கட்டிலின் மேல்தான். அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்குவார்கள். காலை நீட்டிப் படுப்பது பிணங்களின் பழக்கம் என்று நினைப்பு. அதனால் கட்டில் குட்டை. ஷூர்த்தின் முழங்காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் இரவு முழுக்க அந்தரத்தில் தொங்கியிருக்கிறது.

அவர் மனைவி மரைக்கே ஜன்னலோரம் நின்றாள். "பெட்டியெல்லாம் கட்டிட்டேன் மதாம். இவரை எப்படிக் கட்டுறதுன்னுதான் தெரியல."

டாக்டர் வந்தார், அங்கே இங்கே அமுக்கினார், ஹாலந்து மொழியில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "மூணு நாளைக்கு இவரை அசைக்கக் கூடாது."

"பக்கத்து ரூமுக்கு மட்டும், டாக்டர்? நாலு பேர் பிடிச்சு மெதுவா..."

"பக்கத்துத் தலையணைக்குக்கூடக் கூடாது."

ஒர்தான்ஸ் படியிறங்கி வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஆன்செல்ம் தலையைத் தூக்கினான்.

"நேத்தே நான் சொன்னேன்ல?" என்றான். "ஆராய்ச்சிக்கார அபொலின் நாளைக்கு வராங்க, கட்டிலை ஒரு ராத்திரி சும்மா விடுன்னு."

"நூத்தியெண்பது யூரோவைச் சும்மா விடச் சொல்ற?"

"இப்ப மூணு ராத்திரிக்கு டாக்டர் விட வெச்சிட்டார். படுத்த படுக்கையா கிடக்கிறவர்கிட்ட வாடகை கேப்பியா?"

ஒர்தான்ஸ் அவன் கிண்ணத்தில் கைவிட்டு, பட்டாணியைப் படபடவென்று உரிக்கத் தொடங்கினாள்.

விஷயம் சின்னதல்ல. ரோக்வாலியேருக்கு ராஜா ஒருவர் வந்து ஓர் இரவு தங்கிப் போனார். நானூறு வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. எந்த ராஜா என்று கேட்டால் ஊரில் முறைப்பார்கள். ஊருக்குத் தெரிந்த ராஜா ஒருவர்தான். ஆனால் அவர் தூங்கிய கட்டில் இரண்டு. ஒன்று தெல்மாஸ் வீட்டில். இன்னொன்று சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, கஸிமீர் வெர்ன்யோல் நடத்தும் விடுதியில். பாதி ராத்திரி இங்கே, பாதி ராத்திரி அங்கே என்று சமரசம் பேசப் போன பாதிரியாரை இரண்டு வீட்டிலும் காப்பி கொடுக்காமல் அனுப்பினார்கள்.

இந்த வருஷம் நகரசபை துணிந்துவிட்டது. 'ராஜா இங்கே தூங்கினார்' என்று ஒரே ஒரு வெண்கலப் பலகை வார்த்தாயிற்று. அதை எந்த வீட்டில் பதிப்பது என்று சொல்ல, பெரிகோ நகரத்திலிருந்து அபொலின் சாரசாக் என்கிற சரித்திர ஆராய்ச்சிக்காரி வருகிறாள். இன்றைக்கு மாலை நான்கு மணிக்கு. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் தீர்ப்பு. "ஓர் இரவு தங்க இடம் கிடைக்குமா?" என்று அவள் இரண்டு விடுதிகளுக்கும் கடிதம் எழுதியிருந்தாள். அதைப் படிக்க வெர்ன்யோல் கண்ணாடி தேடுவதற்குள் ஒர்தான்ஸ் பதில் எழுதி முந்திக்கொண்டாள்: 'ராஜாவின் கட்டிலே உங்களுக்குத்தான்.'

இப்போது இங்கே இடமில்லை என்றால் அவள் எங்கே போவாள்? இருபது அடி எடுத்து வைத்தால் வெர்ன்யோல். அவன் கட்டிலில் அவள் ஓர் இரவு சுகமாகத் தூங்கிவிட்டால், பலகை எந்தச் சுவரில் ஏறும் என்று சொல்லச் சரித்திரம் படிக்க வேண்டாம்.

அதோடு ஒர்தான்ஸின் வாயிலிருந்து 'இடமில்லை' என்ற சொல் வராது. வந்ததில்லை. விடுதிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், கையில் சாவி கொடுப்பதற்கு முன்னால், அவள் விரல் மடக்கி மூன்று விஷயம் சொல்லுவாள்.

"ஒண்ணு, ராஜா தூங்கினது இந்த வீட்டுல. ரெண்டு, இந்தக் கதவைத் தட்டினவங்க யாரும் இடமில்லைன்னு திரும்பிப் போனதில்ல. ஊர்ல எல்லா விடுதிலயும் பண்டிகை நாள்ல 'இடமில்லை'ன்னு பலகை மாட்டுவாங்க. எங்க வாசல்ல அதுக்கு ஆணிகூடக் கிடையாது. மூணு, இந்த வீட்டுக்குப் பாக்கி வெச்சிட்டுப் போனவன் எவனும் இல்ல."

மூன்றாவதுக்கு ருசுவும் உண்டு. சமையலறை அடுப்புக்கு மேலே இருக்கிற கல்லில் பழைய தெல்மாஸ்கள் ஆணியால் கணக்குக் கீறி வைத்திருக்கிறார்கள்: இன்னார், இத்தனை இரவு, இத்தனை சூப்பு. காசு வந்ததும் அந்த வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு. "கோடு விழாத வரி ஒண்ணு காட்டுங்க, இன்னிக்குச் சாப்பாடு இலவசம்," என்பாள். இதுவரை இலவசமாக யாரும் சாப்பிட்டதில்லை.

"பிஷப் ரூம்," என்றாள் ஒர்தான்ஸ் திடீரென்று.

"அதுல லியோன்காரங்க இருக்காங்க. கல்யாண நாள்னு வந்திருக்காங்க."

"அவங்க நம்ம ரூம்ல இருக்கட்டும். நம்ம ரூம்ல ஜன்னல் பெரிசு. அபொலின் பிஷப் ரூம்ல."

"நாம?"

"நாம வால்நட் உலர்த்துற மாடில. ஆகஸ்ட்ல அங்க காய் ஏது? காத்து மட்டும்தான்."

"லியோன்காரங்ககிட்ட என்ன சொல்வ?"

"குழாய் ஒழுகுதுன்னு சொல்வேன்."

சொன்னாள். லியோனிலிருந்து வந்திருந்த ஷபரியா தம்பதி நல்லவர்கள். அந்தம்மாள் உடனே புன்னகையோடு பெட்டியை எடுத்தாள். ஆனால் முசியே ஷபரியாவின் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் வந்தது.

"குழாயா? மதாம், நான் ஓய்வு பெற்ற குழாய்க்காரன்! பையன் கடையைப் பாத்துக்கிறான், கை நமநமன்னு இருக்கு. எங்க, காட்டுங்க."

"ஐயோ, உங்க கல்யாண நாள்..."

"என் சம்சாரத்துக்குப் பழக்கம் மதாம். தேனிலவுலயே ஓட்டல் குழாயைக் கழட்டினவன் நான்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒர்தான்ஸ் முன்னால் ஓடினாள். பொய் சொல்வதைவிடப் பொய்யில் பிடிபடுவது கேவலம். பிஷப் அறையின் கைகழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, கண்ணில் பட்ட குழாய் மரையைக் கொஞ்சம், ஒரு சொட்டு விழுகிற அளவுக்கு மட்டும், திருகினாள். அது அவள் மாமனார் காலத்து மரை. யாராவது தொட மாட்டார்களா என்று காத்திருந்தது போலக் கையோடு வந்துவிட்டது.

முசியே ஷபரியா உள்ளே நுழைந்தபோது தண்ணீர் பீய்ச்சியடித்துக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பரவால்ல மதாம், நீங்க சொன்னது கொஞ்சம் குறைச்சல்தான்!" என்று உற்சாகமாகக் கத்தியபடி அவர் அதன்மேல் பாய்ந்தார். அந்த அறைக்கு வரும் குழாயை அடைப்பதற்குள் பிஷப்பின் மெத்தை, திரை, கம்பளம் எல்லாம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டன.

"புது மரை போட்டா சரியாயிடும்," என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே. "இன்னிக்குச் சனிக்கிழமை, கடை மூடியிருப்பான். நாளைக்கு மாதா பண்டிகை. திங்கட்கிழமை எந்தக் கடைக்காரன் திறக்கிறான்? செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்."

ஆக ராஜா அறையில் ஹாலந்து, பிஷப் அறையில் வெள்ளம். ஷபரியாக்கள் ஒர்தான்ஸின் சொந்தப் படுக்கையறைக்குக் குடிபோனார்கள்.

"இருக்கட்டும்," என்றாள் ஒர்தான்ஸ், நனைந்த பாவாடையைப் பிழிந்தபடி. "வால்நட் மாடியை அபொலினுக்குக் கொடுப்போம். அங்கேருந்து பாத்தா ஆறு தெரியும், கோட்டை தெரியும். நாம சமையல்கட்டுல படுத்துக்கலாம். நான் போய் நல்ல விரிப்பு எடுத்துட்டு வரேன்."

அலமாரியில் லாவெண்டர் போட்டு மடித்து வைத்திருந்த கல்யாண விரிப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வால்நட் மாடியில் இரண்டு பேர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு கைத்தடி, சிப்பி கட்டிய இரண்டு பை, நான்கு பூட்சுகள். பூட்சுகள் இருப்பதை அவள் பார்ப்பதற்கு முன்னாலேயே நாற்றத்தில் தெரிந்துகொண்டாள்.

"ஆன்செல்ம்!"

"யாத்திரிகங்க," என்றான் ஆன்செல்ம் கீழேயிருந்து. "ஸ்பெயின்ல சாந்தியாகோ கோயிலுக்கு நடந்து போறவங்க. அந்தச் சிப்பிதான் அடையாளம். கால் முழுக்கக் கொப்புளம். வெர்ன்யோல்தான் அனுப்பினானாம். 'எதிர்வீட்டு மதாம் இடமில்லைன்னு சொன்னதா சரித்திரமே இல்லை, போங்க'ன்னு."

"வெர்ன்யோல் வீட்டுல?"

"காலைலயே 'இடமில்லை' பலகை மாட்டிட்டான்."

ஒர்தான்ஸ் ஜன்னலைத் திறந்தாள். எதிரே கஸிமீர் வெர்ன்யோல், மீசைக்கு எண்ணெய் போட்டு, தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் பலகை. அவனுக்கும் மேலே முதல் மாடியில், அவனுடைய ராஜா கட்டில் இருக்கிற அறையின் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வெயிலில் உலர்த்தின வெள்ளைத் தலையணை இரண்டு அதில் சாய்ந்திருந்தன.

அறை காலி. பலகை பொய். வருகிறவர்களையெல்லாம் இங்கே தள்ளி இந்த வீட்டை நிரப்பிவிட்டு, நான்கு மணிக்கு வருகிறவளுக்காக அங்கே ஒரு கட்டிலைத் தயாராக வைத்திருக்கிறான். வியாபாரம் என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய மூளை.

"என்ன மதாம் தெல்மாஸ், வியாபாரம் பிரமாதமா?" என்றான் அவன் அங்கிருந்தே.

"உங்க தயவு முசியே வெர்ன்யோல்! இன்னும் யாராவது இருந்தா அனுப்புங்க. எங்க வீட்டுல இடத்துக்கா பஞ்சம்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன? மதிய உணவு முடிந்ததும் பெல்ஜியத்து சைக்கிள்காரர்கள் ஒரு கூட்டமாக வந்து இறங்கினார்கள். வியர்வையும் வணக்கமுமாக நின்றார்கள். சாப்பாட்டுக் கூடமும் சமையல்கட்டும் அவர்களுக்குப் போயிற்று. கணவன் குறுக்கே கிடப்பதால் கட்டிலில் தனக்கு ஒரு முழம்கூட இல்லை என்று மரைக்கே வந்து நின்றாள். அவளுக்கு மாடிப்படி வளைவில் இருந்த சாய்வு நாற்காலி. ஒர்தான்ஸுக்கும் ஆன்செல்முக்கும் மிஞ்சியது அவர்களுடைய பழைய வேன்.

மணி மூன்று.

"வேனை அபொலினுக்குக் கொடுத்துட்டா?" என்றாள் ஒர்தான்ஸ்.

"சரித்திர ஆராய்ச்சிக்காரியை வேன்லயா படுக்க வைப்ப? ராஜா வேன்லயா வந்தார்?" ஆன்செல்முக்கு அபூர்வமாகக் கோபம் வந்தது. "இனிமே இந்த வீட்டுல கூரையும் நாலு சுவரும் உள்ள இடம்னா வாத்துக் கொட்டில் ஒண்ணுதான் பாக்கி."

ஒர்தான்ஸ் முற்றத்துக் கோடியைப் பார்த்தாள். வாத்துக் கொட்டில் வீட்டோடு ஒட்டின கல் கட்டடம். சின்னதுதான், ஆனால் வாசல் வளைவு அழகு. வீட்டைவிடப் பழையது என்று சொல்லிக்கொள்வார்கள்.

"ஆன்செல்ம், அதைக் கழுவு."

"நான் தமாஷுக்குச் சொன்னேன்."

"நான் தமாஷுக்குக் கேட்டேனா?"

"ஒர்தான்ஸ், வாத்துங்க எங்க போகும்?"

"பழத்தோட்டத்துக்கு ஓட்டு. ஒரு ராத்திரி நிலாவைப் பாத்துட்டுத் தூங்கட்டும். நாமளும் அதைத்தானே பண்ணப் போறோம்?"

கை நமநமப்பு அடங்காத முசியே ஷபரியா காதில் இது விழுந்தது. காரிலிருந்து அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தைத் தூக்கி வந்தார். கல்யாண நாளுக்கு இதை ஏன் எடுத்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் மனைவி மட்டும் வானத்தைப் பார்த்தாள். அரை மணியில் தலைமுறை தலைமுறையாக அடித்திருந்த சுண்ணாம்பெல்லாம் பாலாக ஓடி, உள்ளே இருந்த கல் தேன் நிறத்தில் பளிச்சிட்டது.

"கல்னா இது கல்!" என்று சுவரைத் தட்டிக்கொடுத்தார் ஷபரியா.

ஆகஸ்ட் வெயில் தரையின் ஈரத்தைக் குடித்துவிட்டது. பெல்ஜியத்துக்காரர்கள் மடக்குக் கட்டில் சுமந்தார்கள். ஒர்தான்ஸ் கல்யாண விரிப்பை விரித்தாள், பித்தளை விளக்கை வைத்தாள். தலைமாட்டுச் சுவரில் கீறலும் குத்தலுமாக ஓரிடம் அசிங்கமாகத் தெரிந்தது. அதை மறைக்க ஒரு லாவெண்டர் கொத்தைத் தொங்கவிட்டாள். பிறகு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். அவளுக்கே அங்கே படுக்க ஆசை வந்தது. வேனில் படுக்கப் போகிறவளுக்கு எதுதான் ஆசை தராது?

நான்கு மணிக்குச் சதுக்கத்தில் வாடகைக் கார் நின்றது. வட்டக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி, கையில் சின்னப் பெட்டியோடு இறங்கினாள். வெர்ன்யோல் நாற்காலியை விட்டு எழுந்தான். ஒரே கையால் தலைக்கு மேல் இருந்த பலகையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அப்படி ஒரு வேகத்தை ஒர்தான்ஸ் சர்க்கஸில்கூடப் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க! தெல்மாஸ் வீடு நிறைஞ்சு வழியுது. உங்களுக்காக ராஜா கட்டில் காத்திட்டிருக்கு, வெள்ளை விரிப்பு போட்டு..."

"அபொலின் அம்மா!" ஒர்தான்ஸ் சதுக்கத்தின் பாதிக்கு வந்திருந்தாள். "உங்க ரூம் தயாரா இருக்கு. வீட்டுலயே ரொம்பப் பழைய ரூம்."

"ராஜா கட்டில்ல வேற ஒருத்தர் படுத்திருக்காராமே?" என்றான் வெர்ன்யோல், தேன் ஒழுக.

"நோயாளி. நடக்க முடியாதவரைத் தெருவுல தூக்கிப் போட எங்க வீட்டுல யாருக்கும் வராது முசியே. உங்க பலகை கீழ விழுந்துடப் போகுது, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

அபொலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் முதல்ல ரெண்டு கட்டிலையும் பாத்துடறேனே."

தெல்மாஸ் வீட்டுக் கட்டிலை அவள் ஷூர்த்தைச் சுற்றித்தான் அளக்க வேண்டியிருந்தது.

"மன்னிக்கணும் முசியே."

"அளங்க, அளங்க. நான் எங்கயும் போறதா இல்ல."

மரத்தைத் தட்டினாள், மூட்டுகளை முகர்ந்தாள், கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தாள். பிறகு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே வெகுநேரம் இருந்தாள். மேல் ஜன்னலில் வெர்ன்யோல் தலையணையைக் குத்திக் குத்திக் காட்டுவது ஒர்தான்ஸுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"போச்சு," என்றாள்.

ஆன்செல்ம் சமையலறை ஜன்னலை விரியத் திறந்தான். வாத்துக் கறியும், அதன் கொழுப்பிலேயே பூண்டு போட்டு வறுத்த உருளைக்கிழங்கும் அடுப்பில் இருந்தன. வாசனை சதுக்கத்தைக் கடந்து, வெர்ன்யோலின் மாடியேறி, தலையணைகளுக்கு நடுவே புகுந்தது.

கொஞ்ச நேரத்தில் அபொலின் தன் பெட்டியோடு தெல்மாஸ் வாசலில் நின்றாள். "சாப்பாட்டுக்கு நேரமாச்சா மதாம்?"

முற்றத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். சைக்கிள்காரர்கள் பாடினார்கள், யாத்திரிகர்கள் விழித்துக்கொண்டு வந்து மூன்று தட்டு சாப்பிட்டார்கள், ஷூர்த்துக்கு மரைக்கே மாடிக்குக் கொண்டுபோய் ஊட்டினாள். ஒர்தான்ஸ் உட்காரவில்லை. கையில் கரண்டியோடு நின்று, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். தட்டிய ஒருவரும் திரும்பிப் போகவில்லை. பலகை எங்கே ஏறினால் என்ன என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவளுக்குத் தோன்றியது. வெர்ன்யோலின் மீசை நினைவுக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

காலையில் முதலில் எழுந்துபோன ஆன்செல்ம் திரும்பி வந்து வேனின் கதவைத் தட்டினான்.

"ஒர்தான்ஸ், வாத்துங்க தோட்டத்துல இல்ல."

"நரியா?"

"இல்ல. வீட்டுக்குப் போயிட்டுதுங்க."

"எந்த வீட்டுக்கு?"

"அதுங்க வீட்டுக்கு."

பொழுது சாய்ந்தால் தங்கள் இடத்துக்கு வரிசையாகத் திரும்புவது வாத்துகளின் பரம்பரைப் பழக்கம். கதவு சாத்தியிருந்தால் மூக்கால் தள்ளும். ஒர்தான்ஸ் முற்றத்துக்கு ஓடியபோது கொட்டிலின் கதவு திறந்தது. முதலில் வாத்துகள் கம்பீரமாக வெளியே வந்தன. கடைசியில் அபொலின் வந்தாள். தலை கலைந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் ஜொலித்தன. கோபமா காய்ச்சலா என்று தெரியவில்லை.

"மதாம், ஒரு கிண்ணம் காப்பி. அப்புறம் ஒரு பல் துலக்குற பிரஷ், பழசா."

ஒர்தான்ஸ் இரண்டையும் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். அபொலின் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூசை முடிந்து ஊரே தெல்மாஸ் முற்றத்தில் கூடியது. மேயர் மூவர்ணப் பட்டையைப் போட்டுக்கொண்டு, துணி சுற்றிய பலகையை அக்குளில் இடுக்கியிருந்தார். வெர்ன்யோல் கல்யாணத்துக்கு வந்தவன் போலிருந்தான். அபொலின் நடுவில் வந்து நின்றாள்.

"ரெண்டு கட்டிலையும் பாத்தேன். ரெண்டுமே அழகு. ரெண்டுமே ராஜா செத்து நூறு வருஷம் கழிச்சுச் செஞ்சது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. விரல் மடக்கிச் சொன்ன மூன்றில் முதல் விரல் அப்படியே முறிந்து விழுந்தது போலிருந்தது.

வெர்ன்யோல்தான் முதலில் சுதாரித்துக்கொண்டான். கட்டில் போனால் போகட்டும், எதிரியாவது மிஞ்சக் கூடாது.

"அது என்ன, தலையில இறகு?" என்றான் அபொலினைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி. "மதாம் தெல்மாஸ், விருந்தாளியை எங்க படுக்க வெச்சீங்க?"

முதலில் ஒரு வாத்துதான் பதில் சொன்னது.

ஒர்தான்ஸ் தலையை நிமிர்த்தினாள். "வாத்துக் கொட்டில்ல," என்றாள்.

கூட்டம் சிரித்தது. வெர்ன்யோல் தொடையில் தட்டிச் சிரித்தான். "வாத்துக் கொட்டில்லயா! அரசாங்க விருந்தாளியை! இதுதான் ராஜா தங்கின வீட்டு மரியாதையா?"

"சிரிங்க," என்றாள் ஒர்தான்ஸ். "என் கட்டில்ல எழுந்திருக்க முடியாதவர் இருந்தார். என் ரூம்ல கல்யாண நாள் கொண்டாடுறவங்க. மாடில கால் கொப்புளிச்சவங்க. நானும் என் புருஷனும் வேன்ல படுத்தோம். கட்டில் பொய்யா? பொய்யா இருக்கட்டும். ஆனா அறையைக் காலியா வெச்சிட்டு வாசல்ல பலகை மாட்டுறவ நான் இல்ல. இந்த வீட்டுல இடமில்லைன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. இனிமேயும் சொல்ல மாட்டேன். அந்த வெண்கலத்தை எங்க வேணா கொண்டு போய் மாட்டுங்க."

சிரிப்பு நின்றது. ஆன்செல்ம் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் அவ்வளவு நேராக நின்று யாரும் பார்த்ததில்லை.

மேயர் இருமினார். "அப்போ... ராஜா நம்ம ஊர்ல தங்கவே இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"தங்கினார்," என்றாள் அபொலின். "கட்டில்லதான் தங்கல. எல்லாரும் என் பின்னால வாங்க. தலை குனிஞ்சு வாங்க, வளைவு தாழ்வா இருக்கு."

கொட்டிலுக்குள் மேயரும் வெர்ன்யோலும் ஒர்தான்ஸும் ஆன்செல்மும்தான் நுழைய முடிந்தது. மற்றவர்கள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அபொலின் தலைமாட்டில் தொங்கிய லாவெண்டர் கொத்தை எடுத்தாள். பிரஷ் போட்டுத் தேய்த்திருந்த கல்லில், ஆணியால் கீறின வரிகள் துல்லியமாகத் தெரிந்தன.

"நம்ம அடுப்புக் கல்லுல இருக்கிற அதே கை," என்று முணுமுணுத்தான் ஆன்செல்ம்.

"சுண்ணாம்பு போனதாலதான் தெரியுது. நேத்து ராத்திரி வாத்துங்க தூங்க விடல, அதனாலதான் நானும் பாத்தேன்," என்றாள் அபொலின். "தேதி ராஜா வந்த அதே வருஷம், மாதா பண்டிகைச் சந்தைக்கு முந்தின நாள். முதல் வரி: 'வால்நட் வியாபாரி. பெரிய கட்டில், ஓர் இரவு. முன்பணம் கொடுத்தவர்.' மேல குறுக்கே கோடு போட்டிருக்கு."

ஒர்தான்ஸ் கண்ணைச் சுருக்கினாள். "அடுத்த வரில கோடே இல்லையே?"

அபொலின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, நிதானமாகப் படித்தாள்:

"'ராஜா. எதிர்வீட்டில் இடமில்லை என்று அனுப்பப்பட்டவர். வாத்துக் கொட்டில், ஓர் இரவு. சூப்பு ஒன்று, முட்டை இரண்டு. பாக்கி.'"